கேள்வி வெளியூர், பதில் உள்ளூர்

ஒரு பன்னாட்டு உளவியல் திட்டத்தின் உண்மையான கோட்பாட்டை அதன் முன்னுரையில் தேடக்கூடாது. வரவுசெலவுப் பட்டியலில் தேட வேண்டும். முன்னுரையில் ‘பண்பாட்டுப் பன்மை’, ‘சமத்துவக் கூட்டுறவு’, ‘உள்ளூர் அறிவு’ என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டியலைப் புரட்டினால் காட்சி வேறு. கருத்தாக்கம், அளவுகோல் உருவாக்கம், பகுப்பாய்வு ஆகியவை பெரும்பாலும் நிதி தரும் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் இருக்கும். ஆள் திரட்டல், படிவம் நிரப்பல், பயணப்படி ஆகியவை இந்தியக் கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, எழுதுபொருள் செலவுக்குப் பக்கத்தில், ‘மொழிபெயர்ப்பு’ என்று ஒற்றை வரி. பண்பாடுகளை ஒப்பிடும் அறிவியல் ஒன்று பண்பாட்டுக்கு ஒதுக்கும் இடம் அந்த ஒற்றை வரிதான்.

இத்தகைய திட்டங்களுக்குப் பணம் வரத் தொடங்கிய பின்னணி கவனிக்கத்தக்கது. 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வெளியான கட்டுரைகள் யாரை ஆராய்ந்தன என்று எண்ணிப் பார்த்தார். ஆய்வு மாதிரிகளில் 68 விழுக்காடு அமெரிக்கா. 96 விழுக்காடு மேற்கத்தியத் தொழில்வள நாடுகள். அந்த நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மட்டுமே. 2010-இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நொரென்சயன் மூவரும் இந்தக் கணக்கை முன்வைத்து, இவ்வளவு குறுகிய மாதிரியைக் கொண்டு ‘மனித மனம்’ என்று பொதுப்பட எழுதலாமா என்று கேட்டார்கள். 2021-இல் ஆர்னெட்டும் சக ஆய்வாளர்களும் மீண்டும் எண்ணினார்கள். உலக மக்களில் 89 விழுக்காட்டினர் அப்போதும் புறக்கணிக்கப்பட்டிருந்தார்கள்.

விமர்சனம் நல்கை நிறுவனங்களின் காதில் விழுந்தது. ஆனால் பாதிதான் விழுந்தது. மாதிரியைப் பெருக்கினால் குறை தீரும் என்று அவை புரிந்துகொண்டன. அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது: கட்டுரைகளின் முதல் ஆசிரியர்களில் 99 விழுக்காட்டினர் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றுபவர்கள். பதில் சொல்பவர்களின் பட்டியலை நீட்டப் பணம் வந்தது. கேள்வி கேட்பவர்களின் பட்டியல் பெரிதாக மாறவில்லை.

கேள்வி ஊர் கடந்து வரும் வழி அனைவரும் அறிந்ததே. 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் முறைப்படுத்திய மீள்மொழிபெயர்ப்பு இன்றும் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளின் ‘முறையியல்’ பகுதியில் ஒரு வாக்கியமாக வந்துபோகிறது. ஆங்கில வினாவை ஒருவர் உள்ளூர் மொழிக்குப் பெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு தேறிவிட்டது. சோதனை முழுவதும் ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே நடக்கிறது. நடுவில் இருக்கும் மொழி வெறும் நடைபாதை.

இந்தச் சோதனை எதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கும் என்பதை மொழியியல் முதலாண்டு மாணவர்கூடச் சொல்லிவிடலாம். சொல்லுக்குச் சொல் நகலெடுத்த ஆக்கமே முதலில் தேறும். ஆங்கிலத்தில் ‘கில்ட்’ எனப்படுவது தமிழில் ‘குற்ற உணர்வு’, இந்தியில் ‘அபராத்-போத்’. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. திரும்பப் பெயர்த்தால் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் மூலச்சொல் வந்து நிற்கும். வயலிலிருந்து வீடு திரும்பிய ஒருவர், இறந்துபோன தம்பியை நினைத்து ‘குற்ற உணர்வாக இருக்கிறது’ என்று சொல்வாரா என்பது இந்தச் சோதனைக்குத் தேவையில்லாத கேள்வி. ‘மனசு உறுத்துது’ என்று அவர் சொன்னால் அது மீள்மொழிபெயர்ப்பில் தடுமாறும். மூன்று பேர் மூன்று விதமாகப் பெயர்ப்பார்கள். ஆகவே உயிருள்ள தொடர் நீக்கப்பட்டு, அகராதிச் சொல் படிவத்தில் அமரும். மொழி எவ்வளவு இயல்பாக இருக்கிறதோ அவ்வளவு தோல்விக்கு இடமளிக்கும் தேர்வு இது.

இன்னும் ஆழமான இடறல் ஒன்று உண்டு. மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட பத்து வினா அளவுகோல், உலகில் மிக அதிகமாகப் பயன்படும் உளவியல் கருவிகளுள் ஒன்று. தன்மீது தனக்கு இன்னும் கூடுதல் மரியாதை இருக்கலாகாதா என்ற ஏக்கம் உண்டா என்று அதில் ஒரு வினா கேட்கிறது. தமிழில் மரியாதை என்பது பிறர் தருவது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதற்காக ஊர்கள் வழக்காடியிருக்கின்றன. ஒருவர் தனக்குத்தானே மரியாதை கொடுத்துக்கொள்வதென்பது அன்றாடப் பேச்சில் கேலிக்குரிய செயல். அந்தச் சொல்லைத் திருப்பிப்போட்டு, மரியாதையின் ஊற்று பிறர் கையில் இல்லை என்று சொல்ல ஓர் அரசியல் இயக்கமே தேவைப்பட்டது. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் பெயரிலேயே அந்தத் திருப்பம் இருக்கிறது. சாதியின் அவமதிப்பை அன்றாடம் எதிர்கொள்ளும் ஒருவர் இந்த வினாவைக் கேட்கும்போது, அவர் விடை சொல்வது தன் உள்மனத்தைப் பற்றியா, தன் தெருவைப் பற்றியா? ‘ஓரளவு ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் விழும் குறிக்கு இதற்கான பதில் தெரியாது. அந்தக் குறியிலிருந்து கணக்கிடப்படும் ‘இந்தியச் சராசரி’க்கும் தெரியாது.

இதற்குப் புள்ளியியலில் மருந்து இருக்கிறது என்பது வழக்கமான மறுப்பு. ஓர் அளவுகோல் வெவ்வேறு குழுக்களில் ஒரே வகையில் இயங்குகிறதா என்று சோதிக்கும் அளவீட்டுச் சமநிலைச் சோதனைகள் உண்டு, அவை பயனுள்ளவையே. ஆனால் அவை படிவத்தில் இருக்கும் வினாக்களை மட்டுமே சோதிக்கும். படிவத்துக்குள் நுழையாத கருத்தைப் பற்றி எந்தச் சமன்பாடும் வாய் திறக்காது. தாயைப் பிரிந்து உண்ணாமல் மெலியும் குழந்தையை ‘ஏங்கிப்போய்விட்டது’ என்கிறார்கள். இந்தியாவின் பல மொழிகளில் புழங்கும் ‘டென்ஷன்’ ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தாலும் இன்று ஆங்கிலப் பொருளில் இல்லை. கடன், மகளின் திருமணம், கணவனின் குடி, நெஞ்சுப் படபடப்பு அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ‘ஏக்கம்’, ‘ரோசம்’, ‘டென்ஷன்’ ஆகியவற்றுக்கு அளவுகோல் அமைத்து, அதை ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, ஓஹையோவிலும் பவேரியாவிலும் நிரப்பச் சொல்லும் திட்டத்தை எந்த நல்கையாளரிடம் கொண்டுபோவது? ஒப்பீடு இருவழிப் பாதை என்றால், எதிர்த்திசையில் ஏன் ஒரு வண்டியும் வருவதில்லை?

மாற்று வழி கற்பனையன்று. 1990-களில் மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் அந்நாட்டுச் சகாக்களோடு பணியாற்றினார். அவர்கள் ஆயத்த அளவுகோல் ஒன்றைப் பெயர்ப்பதோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளும் பாரம்பரிய மருத்துவர்களும் துயரத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுமீறிச் சிந்தித்தல், அங்கே மையச் சொல்லாக வெளிப்பட்டது. அந்த அடித்தளத்தில் எழுந்த ஷோனா வினாப்படிவம் 1997-இல் வெளியானது. அதைத்தான் பின்னர் டிக்சன் சிபாண்டாவின் ‘நட்பு இருக்கை’ திட்டம் பயன்படுத்தியது. மருத்துவமனை வளாகத்து மரத்தடி இருக்கையில் பயிற்சி பெற்ற பாட்டிமார் துயருற்றோரோடு பேசும் திட்டம் அது. 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க ஆய்விதழில் வந்தது. அதற்கு நிதி தந்தது கனடாவின் ‘கிராண்ட் சாலஞ்சஸ்’. வெளிநாட்டுப் பணம் வந்தாலே கருத்து வெளிநாட்டினுடையதாகிவிடும் என்பதில்லை. கேள்வி உருவாகும் கட்டத்துக்கும் காலமும் காசும் கிடைத்ததா என்பதே வேறுபாடு.

இந்தியாவில் அந்தக் கட்டம் தொடர்ந்து தவிர்க்கப்பட்டிருக்கிறது. 1950-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் கார்டனர் மர்ஃபி சமூகப் பதற்றங்களை ஆராய வந்தார். அதே பத்தாண்டில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் நடந்த ‘ஆறு பண்பாடுகள்’ ஆய்வு, உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூரில் குழந்தை வளர்ப்பைப் பதிவுசெய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மனச்சிதைவு நோய் பற்றிய பன்னாட்டு ஆய்வில் ஆக்ரா ஒரு மையம். அங்கே கேட்கப்பட்ட நேர்காணல் வினாக்கள் லண்டனில் உருவாகி மொழிபெயர்க்கப்பட்டவை. ஒரு பண்பாட்டில் உருவான நோய்வகையை இன்னொன்றின்மேல் சுமத்தி, அது அங்கும் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை ஆர்தர் கிளைன்மன் 1977-இல் ‘வகைப் பிழை’ என்றார். இந்திய உளவியல் இரவல் சரக்காகவே வளர்ந்துவிட்டது என்பதை அலகாபாத்தின் துர்கானந்த் சின்ஹா 1986-இல் ஒரு நூலாகவே எழுதினார். நோய் கண்டறியப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. மருத்துவச் செலவுக்குத்தான் இன்னும் பட்டியலில் இடமில்லை.

மீள்மொழிபெயர்ப்பின் குறை 1970-லேயே தெரிந்ததுதான். மூல வினாவையும் சேர்த்துத் திருத்தி, இரு மொழிக்கும் பொதுவான புதிய வினாவை அடையும் ‘மையம் நீக்கல்’ முறையை வெர்னரும் கேம்பெல்லும் அந்த ஆண்டே முன்வைத்தார்கள். அது நடைமுறைக்கு வராததற்கு அறிவுக் குறைபாடு காரணமில்லை. அதற்கு மொழியியலாளர் வேண்டும். பலமுறை களத்துக்குப் போய்வர வேண்டும். ஓராண்டு தரவே இல்லாமல் கழியலாம். மூன்றாண்டு நல்கையில் முதல் ஆறு மாதத்துக்குள் ‘முன்னேற்ற அறிக்கை’ கேட்கும் அமைப்பில் அதற்கு இடம் எது?

இப்போது பணத்தின் போக்கே மாறிக்கொண்டிருக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நிதி பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பொன்று பெற்ற நிதியில் பங்குபெற்று, மக்களின் மொழியறிந்து உழைத்த சிறு அமைப்புகளே இதில் முதலில் அடிபட்டன. 2025 மே மாதம் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக்குச் செல்லும் துணை நல்கைகளைப் புதிய கட்டமைப்பு வரும்வரை நிறுத்திவைத்தன. ஆய்வுத் துறைகளில் ஒப்பாரி கேட்கிறது. அதில் நியாயமும் உண்டு. வேலை இழப்பவர்கள் பெரும்பாலும் திட்ட உதவியாளர்கள்.

ஒப்பாரிக்கு நடுவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: உள்நாட்டுப் பணம் வந்தால் மட்டும் கேள்வி மாறிவிடுமா? ஆய்வு மேம்பாட்டுக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.64 விழுக்காடு. அந்தச் சிறு தொகைக்குள்ளும் ‘பன்னாட்டு’ என்ற முத்திரைக்குத் தனி மவுசு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121. சந்தாலியும் மிசோவும் தமிழும் பேசுவோரிடையே துக்கம் எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஆராய்வதைவிடப் பண்பாட்டிடை உளவியல் வேறென்ன இருக்கிறது? அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்பதாலேயே அது ‘வட்டார ஆய்வு’ ஆகிவிடுகிறது. பெருநகரக் கல்லூரியின் ஆங்கிலவழி மாணவர்கள் இருநூறு பேரும் ஜெர்மானிய மாணவர்கள் இருநூறு பேரும் ஒரே படிவத்தை நிரப்பினால் அது ‘இந்திய–ஜெர்மானிய ஒப்பீடு’. பதவி உயர்வுக் குழுவில் எதற்கு மதிப்பெண் அதிகம் என்று எந்த ஆய்வு மாணவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று மூத்தவர்கள் சிலர் கடிந்துகொள்வார்கள். நல்கை தானமன்று. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் தரவு போகிறது; ஆயிரக்கணக்கானோரின் நேரமும் நம்பிக்கையும் போகின்றன; ஆய்வு மாணவர்களின் மொழியறிவு போகிறது. படிவத்தைப் பெயர்த்து, களத்தில் ஒவ்வொரு வினாவையும் பேச்சுமொழியில் விளக்கி, எந்த வினா யாரையும் தொடவில்லை என்று முதலில் கண்டுகொள்பவர் அந்த மாணவரே. அந்தக் கண்டுபிடிப்புத்தான் திட்டத்தின் ஆகச்சிறந்த முடிவாக இருந்திருக்கும். கட்டுரையில் அது வராது. மாணவரின் பெயர் வந்தால் நன்றியுரையில் வரும்.

ஆகவே, கோரிக்கைகள் எளியவை. எந்தப் பன்மொழித் திட்டத்திலும் முதலாண்டு கேள்வியை உருவாக்குவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆண்டின் விளைவாக ‘இந்த அளவுகோல் இங்கே பொருந்தாது’ என்ற முடிவும் ஏற்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பு நிர்வாகச் செலவு அன்று, ஆய்வுப் பணி என்று வகைப்படுத்தப்பட வேண்டும். அதைச் செய்பவர் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற வேண்டும். வினாக்களில் ஒரு பகுதியேனும் மாதிரி திரட்டப்படும் மொழியில் பிறந்து, நிதி தரும் நாட்டின் மொழிக்குப் பெயர்க்கப்பட வேண்டும். இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுவும் அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனமும் இந்திய மொழிகளுக்கிடையிலான உளவியல் ஒப்பீட்டுக்குப் பன்னாட்டுத் திட்டங்களுக்கு நிகரான தொகையும் தகுதியும் தர வேண்டும்.

இவற்றுக்குக் கூடுதல் பணம் தேவைப்படலாம். பல இடங்களில் இருக்கும் பணத்தை வேறு வரிக்கு மாற்றினாலே போதும். அதுவரை, இருபது நாடுகளில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆய்வு, ஒரே நாடு தன்னிடமே இருபது முறை கேட்டுக்கொண்ட கேள்வியாகத்தான் இருக்கும்.