ஒரு மிடறு காபியின் சூடு



குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தா? தெருமுனை செல்போன் கோபுரத்தால் புற்றுநோய் வருமா? மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய சாம்பாரில் கதிர்வீச்சு தங்கிவிடுமா? கொஞ்ச நாளாக இப்படிப்பட்ட கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. சாம்பார் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தங்காது, தாராளமாகச் சாப்பிடுங்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 4 கிரே அளவு காமா கதிர் பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துவிடுவார்கள். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல் ஆற்றல். 70 கிலோ மனிதருக்கு மொத்தமே 280 ஜூல்தான். அதனால் உடல் சூடு ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். நன்றாகச் சூடான காபியை ஒரு மிடறு குடித்தால் இதைவிட அதிக ஆற்றல் உள்ளே போகும். காபி யாரையும் கொல்வதில்லையே!

காபியின் சூடு கோடானுகோடி மூலக்கூறுகளுக்குப் பங்காகிப் போய்விடுகிறது. ஒவ்வொன்றும் இம்மியளவு கூடுதலாகத் துள்ளும். காமாவும் எக்ஸ் கதிரும் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. ஏதோ ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகின்றன. அந்த எலக்ட்ரான் போகிற வழியில் இன்னும் பல எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகிறது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அடி பெரும்பாலும் தண்ணீருக்குத்தான். அது உடைந்து ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துண்டு பிறக்கிறது. நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட அதற்கு ஆயுள் இல்லை. அதற்குள் பக்கத்தில் டிஎன்ஏ அகப்பட்டால் கடித்துவிடும். எக்ஸ் கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியில் வருவதுதான்.

ஒரு கிரே பட்ட செல்லில் டிஎன்ஏவின் ஒற்றை இழை ஏறக்குறைய 1,000 இடங்களில் அறுந்துபோகும். கேட்கத் திகிலாக இருக்கிறது. ஆனால் எதிர் இழையைப் பார்த்து ஒட்டிக்கொள்வது செல்லுக்கு அன்றாட வேலை. இரண்டு இழையும் ஒன்றாக அறும் இடங்கள் முப்பது, நாற்பது இருக்கும். சிக்கல் அங்கேதான். ஒட்ட முடியாத செல் சாகும். தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு பிழைத்த செல் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம். வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் அடிபடும் என்பதால்தான் புற்றுக்கட்டிக்குக் கதிரைச் சிகிச்சையாகவே கொடுக்கிறோம். நல்ல செல்கள் தேறிக்கொள்ளட்டும் என்று தவணை தவணையாக.

செல்போன் அலைக்கு எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு கிடையாது. நூறு பேர் பஞ்சை எறிந்தாலும் மாங்காய் விழாது; ஒரு கல் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளைப் ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது உண்மை. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கோபுரத்தைவிட உச்சிவெயிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதிலுள்ள புறஊதாக் கதிரை டிஎன்ஏ நேரடியாகவே உறிஞ்சும். டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்னும் கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ரேடியம் போன்றவை உமிழும் ஆல்ஃபா துகளின் கதை தனி. ஒரு தாளைத் தாண்டாது. நம் தோலின் மேலிருக்கும் இறந்த படலமே அதைத் தடுத்துவிடும். வெளியே இருக்கும்வரை சாது; உள்ளே போய்விட்டால் நடப்பதே வேறு. அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஆரஞ்ச் என்ற ஊரில், 1917 முதல் இளம்பெண்கள் கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சால் எண்கள் வரைந்தார்கள். தூரிகை முனை கூராக இருக்க உதட்டில் வைத்துச் சுழற்றச் சொல்லியிருந்தார்கள். ரேடியம் கால்சியத்தின் சாயல் கொண்டது. உடம்பு அதைக் கால்சியம் என்றே நம்பி எலும்பில் சேர்த்து வைத்தது. அங்கிருந்து கிளம்பும் ஆல்ஃபா, தன் ஆற்றல் முழுவதையும் சில செல்களின் அகலத்துக்குள் கொட்டித் தீர்க்கும். தாடை எலும்புகள் பொடிந்தன. வழக்குத் தொடுத்த ஐந்து பெண்களுக்கு 1928இல் இழப்பீடு கிடைத்தது; உடல்நலம் திரும்பவில்லை. தீங்கில்லை என்று அவர்களிடம் அடித்துச் சொன்னவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு.

இனி எக்ஸ்ரே. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது, மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் இரண்டு வாரத்தில் நமக்குத் தானாக வந்து சேருவதைவிடக் குறைவுதான். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். சிடி ஸ்கேனில் இது பல பத்து மடங்கு ஆகும். குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பெருகுபவை. ஆகவே சிடிக்குப் பதில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று தோன்றினாலும்கூட, எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்