சிக்கிமுக்கிக்கல்லே போதும்

குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியால் மான் வேட்டையாட, அமெரிக்க மாநிலங்கள் பல தனிப் பருவம் ஒதுக்குகின்றன. பென்சில்வேனியாவில் 1974-இல் தொடங்கிய பருவத்தில் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கே இடம். மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் கொணர்ந்த நவீன வகையில், தீமூட்டி குழலுக்கு நேர் பின்னே அமைகிறது. ஈரமும் தாமதமும் பெரிதும் நீங்கின. பிற மாநிலங்கள் பலவும் அதனை ஏற்றன.

பிந்தி வெடித்துக் குறி தவறும் குண்டு மானை வதைக்கும். ஆகவே நவீனமே இரக்கம் என்பர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளோம். ஆயினும், உறுதியான வெடிப்பு தொலைவிலிருந்தே சுடும் ஆசையையும் வளர்க்கிறது. பழைய கருவியோ, நெருங்கிச் செல், நெருங்க இயலாவிடில் சுடாதே என்கிறது.

கருவியின் குறைக்காகத் தரப்பட்ட பருவத்தில் குறை நீங்கிய கருவியை ஏந்துவது, சலுகையை வைத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிடுவதாகும். நம் தேர்வு கல்லே. மருந்து நனைந்த நாளில் வெறுங்கையுடன் திரும்புவதும் வேட்டையறமே.