தவளை முட்டைக்கு ஒரு சென்ட் ஒதுக்குவோம்

புதுவை நகரைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் தவளை பெருகவேண்டும் என்று விரும்பும் விவசாயிகள் சிலர், "முட்டையைத் தொட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வயலில் விட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் தொட்டி வேண்டாம் என்பது எமது கருத்து.

பெருந்தவளையின் தலைப்பிரட்டை புழு பூச்சிகளை மட்டுமல்ல, தன் இனத்தையே தின்னும். நெருக்கமான தொட்டியில் நூறு விட்டால் கடைசியில் மிஞ்சுவது சிலவே. வளர்ந்த தவளையோ அசையும் இரையைத்தான் கவ்வும். தவிடும் பிண்ணாக்கும் அதற்கு ஆகாது. நாள்தோறும் உயிருள்ள பூச்சிக்குச் சிறு விவசாயி எங்கே போவார்?

விற்றுப் பணம் பண்ணலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பிரெஞ்சுக்காரருக்குத் தவளைக்கால் விருந்துப் பண்டம். நம் நாட்டிலிருந்து வயல் தவளைகளைப் பிடித்துக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. 1987-இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது.

செய்யவேண்டியது எளிது. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு சென்ட் ஒதுக்கி, புரட்டாசியிலேயே ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். உரமும் மருந்தும் கலந்த வயல் நீர் உள்ளே வராதபடி சுற்றிச் சிறு வரப்பு போடுங்கள். மீன் விடாதீர்கள், மீன் முட்டையையும் குஞ்சையும் தீர்த்துவிடும். ஐப்பசி மழையில் தவளைகள் தாமே வந்து முட்டையிடும். முட்டை ஓரிரு நாளில் பொரியும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துக் கரையேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பள்ளம் வற்றாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. கொசு பெருகுமே என்று அஞ்சவேண்டாம். பெருந்தவளையின் தலைப்பிரட்டை கொசுப்புழுவையும் தின்னும்.

ஒரு சென்ட் நெல் குறையும் என்பது உண்மை. தவளை நன்மை செய்யும் சிலந்தியையும் சேர்த்து விழுங்கும் என்பதும் உண்மை. ஆனால் தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வரப்பைத் துளைக்கும் நண்டு ஆகியவற்றை இரவெல்லாம் கூலியின்றிப் பிடிக்கும் ஆள் வேறு யார்?

பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தோளில் மாட்டும் பழக்கத்தையும் குறைக்கவேண்டும். தவளை தோலாலும் சுவாசிக்கும் உயிர். நீரில் கலந்த நஞ்சு நேரே அதன் உடலில் ஏறும். மருந்து அவசியமானால் பள்ளத்தின் பக்கம் சில அடி விட்டுத் தெளியுங்கள்.

தவளையை வளர்க்க நாம் கற்கவேண்டியதில்லை. அதைக் கெடுக்காமலிருக்கக் கற்றால் போதும். வரும் புரட்டாசியில் ஒரு சென்ட் விட்டுப் பாருங்கள்.