கார்ப் புள்ளியும் கார் துடைக்கிற அண்ணாச்சியும்

கார் பானட்ல, கதவுல, கண்ணாடியில வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளி. எத்தனை தடவை கழுவினாலும் போகாது, கழுவக் கழுவ இன்னும் கூடும். உடனே நம்ம ஆட்கள் செய்ற முதல் வேலை, காலையில வந்து கார் துடைக்கிற மனுஷனைத் திட்டுறது. "சரியாத் துடைக்கலை", "அழுக்குத் துணி", "காசு மட்டும் கரெக்டா வாங்குறான்". என் கட்சி என்னன்னா, நூத்துக்குத் தொண்ணூறு தடவை தப்பு அந்த ஆள் மேல இல்லை, நாம அவருக்குத் திறந்து விடுற குழாய் மேல. அதை விசாரிக்காம ஒருத்தர் பிழைப்புல கை வைக்கிறது அநியாயம்.

நான் படிச்சது பி.காம். கெமிஸ்ட்ரியோட பேச்சுவார்த்தை பத்தாங்கிளாஸோட முடிஞ்சு போச்சு. ஆனா இந்த விஷயம் கணக்கு மாதிரிதாங்க. தண்ணி ஆவியாகிப் போயிடும், அதுல கரைஞ்சிருந்தது மட்டும் பாக்கி நிற்கும். எங்க ராமநாதபுரம் பக்கம் பிறந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புத் தண்ணி, நல்ல தண்ணின்னு வீட்ல ரெண்டு குடம் வெச்சு வளர்ந்தவங்க நாம. ஹீட்டர் கம்பியில வெள்ளையா ஓடு கட்டும், ஷவர் ஓட்டை அடைச்சுக்கும், எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து வெச்சா காலையில அடியில ஒரு வட்டம் இருக்கும். கார் மேல இருக்கிறதும் அதே வட்டம்தான்.

பாறை, மண்ணு வழியா ஊறி வர்ற தண்ணியில கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டா கரைஞ்சிருக்கும். தண்ணி காயும்போது கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பிடும், கால்சியம் கார்பனேட் படிஞ்சிடும். அதாவது சுண்ணாம்புக்கல். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரைக்கும் சரிங்குது, வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும். 600ன்னு வெச்சுக்குங்க, 15 லிட்டர் பக்கெட்ல 9 கிராம் சுண்ணாம்பு! முக்கால்வாசி வழிஞ்சு போயிடும்தான். துடைக்காம நிக்கிற துளி எல்லாம் தன் பங்கை அங்கேயே வெச்சுட்டுப் போகும்.

அதுவும் ஏன் வட்டமா, ஓரத்துல மட்டும் தடிப்பா? டேபிள்ல சிந்தின காபியைக் கவனிச்சிருப்பீங்க, நடுவுல வெளிறி ஓரத்துல கரு வளையமா காயும். துளியோட ஓரம் சீக்கிரம் ஆவியாகும், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவுல இருக்கிற தண்ணி ஓரத்துக்கு ஓடும், ஓடும்போது சரக்கையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போகும். சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க 1997-ல இதை நேச்சர் பத்திரிகையில விளக்கி எழுதினாங்க. காபிக் கறையில ஆராய்ச்சிக் கட்டுரை. நாமளும்தான் ஆயுசு முழுக்கக் காபி குடிக்கிறோம் :)

சரி, திருவனந்தபுரத்துக்கு வருவோம். இந்த ஊர் குழாய்த் தண்ணி கரமனை ஆத்துல அருவிக்கரை அணையிலிருந்து வருது. திருவிதாங்கூர் மகாராஜா காலத்துல 1933-ல தொடங்கின திட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையில பெய்யுற மழை, சுண்ணாம்பு அதிகமில்லாத பழங்காலப் பாறை மேல விழுந்து சீக்கிரமா ஓடி வந்துடறதால தண்ணி ரொம்ப மிருது. மாற்றலாகி வந்த புதுசுல என் வீட்டம்மா, "ஏங்க, எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் சோப்பு போகவே மாட்டேங்குதே"ன்னு புலம்பினாங்க. ஊர்ல சோப்பு நுரைக்காது, இங்க நுரை விடாது. இப்படிப்பட்ட ஊர்ல கார்ல உப்புப் புள்ளி வரவே கூடாதே?

எங்க ஃப்ளாட்ல வந்துச்சு. 22 காரும் அம்மை போட்ட மாதிரி ஆச்சு. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவுல போட்டோ மேல போட்டோ. கார் துடைக்கிறவர் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. பதினெட்டு வருஷமா இந்த ஊர். காருக்கு மாசம் 500 ரூபாய். காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள முடிக்கணும். ஆறு வீட்டுக்காரங்க அந்த மாசச் சம்பளத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. ஆளை மாத்துறதுன்னு கூட்டத்துல முடிவாகிற நேரத்துல ஒருத்தர் என்னைப் பார்த்து, "சார், அயாளோடு தமிழில் ஒந்நு பறயணே"ன்னார். அவர்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவ்வளவுதான்.

அண்ணாச்சி பேசுற மலையாளம் என் மலையாளத்தை விடச் சுத்தம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலை. வேண்டியிருந்தது, கெட்ட செய்தி சொல்ல இன்னொரு தமிழன். வெளியூர்ல உத்தியோகம் பார்க்கிற நம்மில் பலருக்கு இந்த வேலை எப்பவாவது வந்திருக்கும். நமக்கு ஏசி ரூம், "சார்" மரியாதை. அதே ஊர்ல நம்ம மொழி பேசுற மேஸ்திரிக்கும், இஸ்திரி வண்டிக்காரருக்கும், கார் துடைக்கிறவருக்கும் வேற மரியாதை. ரெண்டுக்கும் நடுவுல நம்மளை நிறுத்தி வெப்பாங்க. நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். லோன் அப்ளிகேஷனையே விசாரிக்காம ரிஜக்ட் பண்றதில்லை, ஆளை எப்படி அனுப்புறது?

உடைஞ்ச கண்ணாடித் துண்டு ஒண்ணு எடுத்தேன். பார்க்கிங் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு, சமையலறைக் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு, ஏசி பைப்புல சொட்டுற தண்ணி ஒரு சொட்டு. பால்கனி வெயில்ல வெச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் பார்த்தா முதல் இடத்துல பளிச்சுன்னு வெள்ளை வளையம், ரெண்டாவதுல உத்துப் பார்த்தாத் தெரியுற நிழல், மூணாவது சொட்டு எங்க இருந்துச்சுன்னே தெரியலை. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் இதைச் செஞ்சு பாருங்க, பைசா செலவில்லை.

பார்க்கிங் குழாய்ல மட்டும் ஏன் அப்படி? 2024 செப்டம்பர்ல நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கறதுக்காகப் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாத்துற வேலை நடந்தது. நகரத்துல பல வார்டுகள்ல நாலு நாளைக்கு மேல தண்ணி இல்லை. அந்த 9-ஆம் தேதி பள்ளிக்கூடங்களுக்கு லீவே விட்டாங்க. அப்ப எங்க கட்டடத்துல கீழ்த்தளக் குழாய்களை போர்வெல்லுக்கு மாத்தினாங்க. தண்ணி திரும்பி வந்ததும் மேல் மாடிகளைப் பழையபடி மாத்தினாங்க, பில் மிச்சமாகட்டும்னு பார்க்கிங் குழாயை அப்படியே விட்டுட்டாங்க. புள்ளி ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். அண்ணாச்சியும் அதே ஆள், அதே துணி, அதே கை. தண்ணிதான் வேற.

செக்ரட்டரி கண்ணாடித் துண்டை வாங்கிக் கட்டை விரலால தேய்ச்சுப் பார்த்தார். ஆளை மாத்துற பேச்சு நின்னுது. பைப் மாத்துறதுக்கு பிளம்பர் எஸ்டிமேட் வரணுமாம், இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

இனி புள்ளியை எடுக்கிற வழி. சுண்ணாம்பை எடுக்க லேசான புளிப்பு போதும். நம்ம அம்மாக்கள் குத்துவிளக்குக்குப் புளி போட்டாங்களே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். ஆனா புளியைக் கார்ல தேய்ச்சுடாதீங்க, நாரும் மண்ணும் கீறிடும். மளிகைக் கடையில கிடைக்கிற வெள்ளை வினிகர் போதும், அதுல அசிட்டிக் அமிலம் நாலஞ்சு சதவீதம்தான். அதுல பாதிக்குப் பாதி ஏசி தண்ணி கலந்துக்கணும். காரை நிழல்ல நிறுத்தி, தகடு ஆறின பிறகு முதல்ல தூசி போகக் கழுவணும். வெளியில தெரியாத ஒரு மூலையில சோதிச்சுப் பார்த்துட்டு, மெத்துன்னு இருக்கிற மைக்ரோஃபைபர் துணியை நனைச்சுப் புள்ளி மேல ஒரு நிமிஷம் போட்டு வைங்க. அழுத்தித் தேய்க்க வேண்டாம், அமிலம் அதன் வேலையைச் செய்யட்டும். அப்புறம் துடைச்சு, நிறைய நல்ல தண்ணி விட்டு அலசி, காயத் துடைச்சுடணும். வினிகர் மெழுகையும் எடுத்துடும், அதனால மேல கொஞ்சம் வாக்ஸ்.

பாத்ரூம் டைல்ஸ் கழுவுற ஆசிட் வேண்டவே வேண்டாம், உலோகத்தை அரிச்சுடும். டூத்பேஸ்ட், பாத்திரம் தேய்க்கிற நார், கோலமாவு எதுவும் வேண்டாம். பெயின்ட் மேல இருக்கிற கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்ல பாதித் தடிமன். அது நமக்கிருக்கிற மூலதனம், தேய்ச்சாக் குறையும், திரும்ப வராது.

காலமும் முக்கியம். எங்க பாஷையில சொன்னா, 90 நாள் தவணை கட்டலைன்னா கணக்கு வாராக்கடன் ஆயிடும். புள்ளியும் அப்படித்தான். புதுசுன்னா வினிகருக்கே வந்துடும். மாசக்கணக்கா வெயில்ல காய விட்டா கிளியர் கோட்டையே அரிச்சுப் பள்ளமாக்கிடும். ரெண்டு தடவை வினிகர் வெச்சும் போகலைன்னா பாலிஷ்தான் வழி. பாலிஷ்னா கிளியர் கோட்டையே ஒரு சுற்றுச் சீவுறது. ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிற மாதிரி, தேவைன்னா செய்யலாம், வருஷா வருஷம் செய்யக் கூடாது.

கடைக்காரங்க ஒரு கதை சொல்வாங்க. தண்ணித் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சுப் பெயின்ட்டை எரிச்சிடுதாம். தகடு மேல சப்பையா உட்கார்ந்திருக்கிற துளியோட குவியம் தகட்டுக்குக் கீழே எங்கேயோ விழும். இதே துளி இலையை எரிக்குமான்னு ஹங்கேரிக்காரங்க சோதிச்சு 2010-ல எழுதினாங்க, வழவழப்பான இலை எரியலை. அந்தக் கதையோட முடிவுல செராமிக் கோட்டிங், இருபதாயிரம் முப்பதாயிரம்னு ஒரு பில் இருக்கும். கோட்டிங் வீண்னு சொல்ல மாட்டேன். அது தண்ணியை முத்து முத்தா உருட்டி நிறுத்தும். உப்புத் தண்ணி முத்தைத் துடைக்காம விட்டா அதுவும் புள்ளிதான், இன்னும் பளிச்சுன்னு. இருபதாயிரம் கொடுத்தாலும் துண்டு தேவைப்படும்.

கண்ணாடிப் புள்ளிதான் எனக்கு நிஜமான கவலை. பெயின்ட் புள்ளி அழகுக் குறைச்சல், அவ்வளவுதான். முன் கண்ணாடிப் புள்ளி ராத்திரியில உயிர்ப் பிரச்சினை. கழக்கூட்டம் பைபாஸ்ல மழையில எதிர் லாரி ஹெட்லைட் விழும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்காயிடும். கண்ணாடிக்கு வினிகரைத் தைரியமா ரெண்டு மூணு நிமிஷம் வைக்கலாம், பெயின்ட்ல வழியாம பார்த்துக்கிட்டாப் போதும். அதுக்கும் போகாததுக்கு சீரியம் ஆக்ஸைடுன்னு ஒரு பொடி இருக்கு, குழைச்சு மெதுவாப் பாலிஷ் போடணும். ஒரே இடத்துல ரொம்ப நேரம் தேய்ச்சா அந்த இடத்துல பார்வை நெளியும், ஜாக்கிரதை.

சீரியம்னதும் ஒரு கிளைக்கதை. 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். திருவிதாங்கூர்லேர்ந்து போன தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணல்தான் துப்பு. அப்ப திருவிதாங்கூர், 1956-லேர்ந்து நம்ம கன்னியாகுமரி மாவட்டம். 1952-ல ஆலுவாவில் அந்த மோனசைட்டைப் பிரிக்க ஒரு ஆலையே வெச்சாங்க. அதுல அதிகமா இருக்கிற அருமண் தனிமம் சீரியம்தான். கண்ணாடிக்கு மருந்து இங்கேர்ந்து ரெண்டு மணி நேர தூரத்து மணல்ல கிடக்கு, பொடி நமக்கு ஆன்லைன்ல எங்கேர்ந்தோ பொட்டலமா வருது.

வராம தடுக்கிறதுக்கு இவ்வளவு சிரமமே இல்லை. வெயில் ஏறும் முன்னே கழுவி முடிக்கணும், காய விடாம உலர்ந்த துண்டால ஒத்தி எடுக்கணும். கடைசி ஒரு மக் மட்டும் ஏசி தண்ணியா இருந்தா இன்னும் நல்லது. இந்த ஊர் புழுக்கத்துக்கு எங்க வீட்டு ஏசி ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட் கொடுக்குது, ராத்திரியே கீழே வெச்சுடறோம். ஆனா 22 காரை நாலு மணி நேரத்துல கழுவுறவர்கிட்ட ஒரே துணியைக் கொடுத்துட்டு இதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. காருக்கு ரெண்டு நல்ல துண்டு, 300 ரூபாய்க்குள்ள ஆகும். துடைக்கிற நேரத்துக்கு மாசம் 100 ரூபாய் கூட. இதைத்தான் அசோசியேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கேன். நிறுத்தி வெச்ச ஆறு வீட்டுச் சம்பளம், மொத்தம் 3,000, அதையும் சேர்த்து எழுதியிருக்கேன். இதுவரைக்கும் நாலு வீடு கொடுத்தாச்சு. மீதி ரெண்டு வீட்டுக்கு இந்த ஞாயித்துக்கிழமை கண்ணாடித் துண்டோட போறேன்.