கோரலைன்: பயமா பிரச்சனை?

குழந்தைகள் படத்துக்கு விமர்சனம் எழுதறவங்க எல்லாருமே பெரியவங்க. அவங்க பார்த்து, அவங்க பயந்துட்டு, "குழந்தைங்க தாங்காது"ன்னு தீர்ப்பு எழுதிடுவாங்க. 'கோரலைன்' படத்துக்கும் அதான் நடந்தது. அந்தக் கூச்சல்ல படத்தோட நிஜமான குறை ஒண்ணு தப்பிச்சுப் போயிடுச்சுங்கறது என் கட்சி.

படம் பார்க்காதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நீல் கெய்மன் 2002ல எழுதின சிறுவர் நாவலை, ஹென்றி செலிக் 2009ல ஸ்டாப் மோஷன் படமா எடுத்தார். அதாவது பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம்னு எடுக்கற வேலை. திரையில ஒரு நொடி ஓட 24 ஃபிரேம் வேணும். பொம்மை போட்டிருக்கற ஸ்வெட்டர் நிஜமாவே கையால பின்னினது. மரத்துல பூத்திருக்கற செர்ரிப் பூ எல்லாம் பாப்கார்ன்!

கதை இதுதான். புது வீட்டுக்குக் குடி வர்ற ஒரு பொண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டரே கதி. வீட்டுல ஒரு குட்டிக் கதவு, அதுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு வீடு. அங்கே 'இன்னொரு அம்மா' இருக்கா. ருசியா சமைக்கிறா, கேட்டதெல்லாம் தர்றா. கண்ணுக்குப் பதிலா கறுப்பு பட்டன். அங்கேயே தங்கணும்னா இவளும் கண்ணுல பட்டன் தைச்சுக்கணும்.

விமர்சகர்கள்ல பெரும்பாலானவங்க பாராட்டத்தான் செஞ்சாங்க. ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போய் 'அப்' படத்துகிட்ட தோத்தது. ஆனா பாராட்டினவங்களே "குழந்தைகளுக்கு இது ஆகுமா?"ன்னு ஒரு வால் சேர்த்தாங்க. ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூணு ஸ்டார் கொடுத்துட்டு, சின்னப் பசங்களுக்குக் கெட்ட கனவு வரும்னு எச்சரிக்கையும் கொடுத்தார்.

இந்தச் சந்தேகம் புத்தகம் அச்சாகறதுக்கு முன்னாடியே இருந்தது. கெய்மன் பேட்டிகள்ல சொன்ன விஷயம்: அவரோட ஏஜென்ட் "ரொம்ப பயங்கரம், சிறுவர் நூல் இல்லை"ன்னாங்களாம். "உங்க பொண்ணுங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க"ன்னார் இவர். பொண்ணு பயப்படலைன்னு சொல்ல, புத்தகம் சிறுவர் நூலாவே வந்தது. பல வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு சொன்னாளாம்: "செம பயம்தான். வெளிய காட்டினா அம்மா படிக்கறதை நிறுத்திடுவாங்கன்னு கம்முனு இருந்தேன்." பயமும் வேணும், கதையும் வேணும். அதான் குழந்தை.

இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்க திருவண்ணாமலை மாவட்டத்துல செய்யாறு, வந்தவாசி பக்கம் கோடையில திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி முழுக்க முன்வரிசையில உட்கார்ந்திருக்கறது யாரு? பொடிசுங்க. துச்சாதனன் பாஞ்சாலி கூந்தலைப் பிடிச்சு இழுக்கறதைப் பார்க்கும். கடைசி நாள் படுகளத்துல, மண்ணால செஞ்ச பிரம்மாண்ட துரியோதனன் மல்லாந்து கிடக்க, தொடையில இருந்து 'ரத்தம்' எடுத்துக் கூந்தல் முடியறதையும் பார்க்கும். "இது எத்தனை வயசுக்கு மேல?"ன்னு அங்கே யாரும் கேட்கறதில்லை. பயந்தா பக்கத்துல இருக்கற பாட்டி மடியில முகத்தைப் புதைச்சுக்கும், அப்புறம் ஒரு கண்ணால எட்டிப் பார்க்கும்.

அதனால பயம் இந்தப் படத்தோட குறை இல்லை. குறை வேற இடத்துல இருக்கு. (இனிமே முடிவைச் சொல்லப் போறேன், படம் பார்க்கப் போறவங்க அப்பீட் ஆகிக்கலாம்.)

புத்தகத்துல வைபின்னு ஒரு பையனே கிடையாது. படத்துக்காகச் சேர்த்தது. கோரலைன் தனக்குத்தானே பேசிக்கிட்டே இருக்க முடியாது, பேச ஒரு ஆள் வேணும்னு செலிக் காரணம் சொன்னார். நியாயமான காரணம். நாவல்ல மனசுக்குள்ள ஓடறதைத் திரையில யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும்.

ஆனா கடைசிக் காட்சி? புத்தகத்துல, துரத்தி வர்ற அந்தப் பேய்க் கையை கோரலைன் தந்திரமா மடக்கறா. பாழுங்கிணத்து மேல பேப்பர் மேஜை விரிப்பை விரிச்சு, பொம்மைகளோட விருந்து நடக்கற மாதிரி செட்டப் பண்ணி, சாவியை நடுவுல வைக்கறா. கை பாயுது, உள்ளே விழுது. ஒரு சின்னப் பொண்ணு, ஒரு ஐடியா, அவ்வளவுதான். படத்துல என்ன ஆகுது? கை அவளைத் தரதரன்னு இழுக்குது, பையன் சைக்கிள்ல வந்து குதிக்கறான், கடைசியில கல்லைப் போட்டு அதை நசுக்கறதும் அவன்தான். நம்ம ஊர் ஹீரோ என்ட்ரியேதான் :-)

பாஞ்சாலிக்கும் கண்ணன் வந்தாரேன்னு கேட்பீங்க. அந்தக் கதை ஆரம்பத்துல இருந்தே அப்படி. இங்கே தனியா ஜெயிச்சவளோட ஜெயிப்புல இன்னொருத்தனுக்குப் பங்கு கொடுத்திருக்காங்க. பேச்சுத் துணைக்குன்னு வந்தவன் காப்பாத்தறவனா மாற வேண்டிய அவசியம் என்ன?

2024ல படத்தை மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வந்தப்ப, அமெரிக்காவுல மட்டும் 3 கோடி டாலருக்கு மேல வசூல். 2009ல ஏழு வயசுல பார்த்த பொண்ணுக்கு அப்போ 22 ஆகியிருக்கும். பட்டன் கண்ணைப் பார்த்து அவ ஒண்ணும் கெட்டுப் போயிடலை. ஆனா கிணத்தடியில தனியா ஒரு பொண்ணு என்ன செஞ்சான்னு, புத்தகத்தைத் தேடிப் படிச்சிருந்தாதான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

குழந்தைகள் பயத்தைத் தாங்குவாங்களான்னு கேட்ட விமர்சகர்கள், ஒரு பொண்ணு தனியா ஜெயிக்கறதை பெரியவங்க தாங்குவாங்களான்னும் கேட்டிருக்கலாம். நீங்க என்ன நினைக்கறீங்க?