உளுந்துக்கு யூரியா மூட்டை: ஒரு டாக்டரின் ஆட்சேபணை

கொஞ்சம் நீளமான இழை. உளுந்து, பாசிப்பயறு, கடலை போடுற வீட்டுல யாராவது இருந்தா வாசிச்சுக் காட்டுங்க. டாக்டருக்கு வயல்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு, சொல்றேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மாவை அவங்க மகன் கூட்டிட்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர். முகம் வட்டமா உப்பியிருக்கு, கை கால் மெலிஞ்சிருக்கு, தோல் காகிதம் மாதிரி. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கி ரெண்டு வருஷமா தினமும் ஒரு சின்ன மாத்திரை. ஸ்டீராய்டு. "வலிதான் போயிடுச்சே" என்று ஒரு வாரம் முன்னாடி தானாகவே நிறுத்தியிருக்கார். அதிலிருந்து வாந்தி, தலைசுற்றல். என்னிடம் வரும்போது எழுந்து நிற்க முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது.

நடந்தது இதுதான். நம் சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே செய்யும். வெளியிலிருந்து தினமும் தாராளமா வந்தால், "அதான் இருக்கே" என்று மூளை அந்தச் சுரப்பிக்கு அனுப்பும் ஆணையைக் குறைத்துவிடும். மாதக்கணக்கில் வேலையில்லாமல் சுரப்பி சுருங்கிப் போகும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

அட்மிட் பண்ணி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, சலைன் எல்லாம் போட்டு அம்மா தேறிவிட்டார். மறுநாள் ரவுண்ட்ஸ் போனப்ப மகன் பரபரப்பா இருந்தார். "சார், மத்தியானம் ஒரு நடை ஊருக்குப் போயிட்டு வந்துடட்டுமா? உளுந்து வெளிறிக் கெடக்கு. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா விசிறிட்டு ஓடி வந்துடுறேன்."

"அம்மாவுக்கு அந்தக் கடைக்காரர் செஞ்சதைத்தான் நீங்க உளுந்துக்குச் செய்யப் போறீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வார்டில் நின்றபடி பத்து நிமிஷம் சொன்னதைத்தான் இங்கே விரிவா எழுதுறேன்.

பயறு வகைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். வேர் முடிச்சுகள். அதற்குள் ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. இதுவரை பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் வராத ஒன்று: அந்த முடிச்சைக் கட்டுவது செடிதான். கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் செடிதான்.

மண்ணில் தழைச்சத்து குறைந்தால் வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். அதை உணரும் பாக்டீரியா தன்னிடமுள்ள சில மரபணுக்களை முடுக்கி ஒரு பதில் மூலக்கூறை அனுப்பும். அது வேர்முடியைத் தொட்டதும் வேர்ச் செல்லின் உட்கருவில் கால்சியம் அளவு சீராக ஏறி இறங்க ஆரம்பிக்கும். ஈ.சி.ஜி. பார்த்துப் பழகிய எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்தால் நாடித்துடிப்புதான் ஞாபகம் வருது. அந்தத் துடிப்பைப் படித்து 'நின்' என்ற தலைமை மரபணு விழிக்கும் (1999-ல் அடையாளம் கண்டது). அது விழித்தால்தான் செல்கள் பிரிந்து முடிச்சு உருவாகும். பிறகு முடிச்சுக்குள் மட்டுமே வேலை செய்யும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வரிசையாக இயங்கத் தொடங்கும்.

அதில் ஒன்றைப் பார்த்து நான் அசந்து போனேன். நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே ரத்தச் சிவப்பு! உவமை இல்லைங்க. அது நிஜமாகவே ஹீமோகுளோபினின் உறவுக்காரன்: லெக்ஹீமோகுளோபின். 1939-ல் ஜப்பானிய ஆய்வாளர் குபோ சோயா முடிச்சில் கண்டுபிடித்தார். நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீம், நடுவில் அதே இரும்பு.

செடிக்கு எதுக்கு ரத்தச் சிவப்பு? நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேணும். இந்தச் சிக்கலைச் செடி தீர்க்கும் விதம் அழகு. ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்து, சுவாசத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டா கொடுக்கும் புரதத்தை முடிச்சு முழுக்க நிரப்பிவிடுகிறது. 2005-ல் லோட்டஸ் என்ற பயறு வகைச் செடியில் இந்தப் புரதத்தின் மரபணுக்களை மட்டும் அடக்கிப் பார்த்தார்கள். முடிச்சு உருவானது, பாக்டீரியாவும் குடியேறியது. ஆனால் உள்ளே ஆக்சிஜன் ஏறிவிட்டது, நைட்ரோஜினேஸ் இல்லை, செடி தழைச்சத்துப் பஞ்சத்தில் வாடியது. முடிச்சு இருக்கு என்பது வேறு, முடிச்சு வேலை செய்யுது என்பது வேறு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தக் குடித்தனம் செடிக்கு இலவசமா கிடைப்பதில்லை. ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற 16 ஏ.டி.பி. செலவு. அந்தச் சக்தி மொத்தமும் இலை தயாரிக்கிற சர்க்கரையிலிருந்து போகணும். அதனால் செடி கணக்குப் பார்க்கிறது. முடிச்சுகள் உருவாகத் தொடங்கியதும் வேரிலிருந்து ஒரு சின்னப் புரதத் துண்டு இலைக்கு ஏறும். இலையில் உள்ள ஏற்பி அதைப் படித்து "போதும், நிறுத்து" என்று திரும்பச் செய்தி அனுப்பும். அந்த ஏற்பியின் மரபணு பழுதான சோயா செடிகளில் வேர் முழுக்க முடிச்சாகக் காய்த்துத் தள்ளும், ஆனால் செடி தேறாது.

வேரைச் சுற்றி நைட்ரேட் நிறைய இருந்தாலும் அதே "நிறுத்து" பாதை இயங்கும். நாம் போடும் யூரியா மண்ணில் சில நாட்களில் அமோனியமாகி, பிறகு நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட்டைக் கண்டதும் 'நின்' மரபணுவின் பங்காளிப் புரதங்கள் சில உட்கருவுக்குள் நுழைந்து, 'நின்' செய்யும் வேலையைத் தடுக்கும். புது முடிச்சு வராது. ஏற்கெனவே உள்ள முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் மரபணுவின் இயக்கம் குறையும், புரதங்களைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள் விழிக்கும். சிவப்பு மெல்லப் பச்சையாகும். அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டி நாலஞ்சு நாளில் பச்சை பூக்குமே, அங்கேயும் இங்கேயும் ஹீம் சிதைவதுதான்.

அட்ரீனல் கதையேதான். ஒரு வித்தியாசம், ஸ்டீராய்டு கடைக்காரர் அந்த அம்மாவிடம் காசு வாங்கினார். இங்கே காற்றில் இலவசமா கிடைக்கிறதை நிறுத்த நாமே காசு கொடுக்கிறோம்.

"அப்ப உரமே வேண்டாமா?" அப்படிச் சொல்லலை. முடிச்சு வேலையைத் தொடங்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கைகொடுக்கத்தான் ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ தழைச்சத்து என்ற அளவில் பரிந்துரை இருக்கிறது. ஏக்கருக்கு 10 கிலோவுக்குள் வரும். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டாலே அதில் 9 கிலோ வந்துவிடும். அதற்கு மேல் 45 கிலோ யூரியா மூட்டை என்றால் இன்னும் 20 கிலோவுக்கு மேல். உடம்பு தானே செய்யும் அளவு மாத்திரையைக் கொடுப்பது சிகிச்சை. மூணு மடங்கு கொடுத்தால்? அந்த அம்மாவின் முகம்தான். நெல்லுக்கு இந்த வசதி இல்லை, அதுக்கு யூரியா வேணும். நான் யூரியாவுக்கு எதிரி இல்லை. ஸ்டீராய்டுக்கும் இல்லை, ஆஸ்துமா முற்றி வருகிறவருக்கு நானே போடுறேன்.

விவசாயியைக் குறை சொல்லவும் மனசில்லை. யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம், டி.ஏ.பி. 1350. கடையில் இருப்பதிலேயே மலிவான மருந்து, போட்ட வாரத்தில் இலை கருகருன்னு ஆகுது. யாருக்குத்தான் கை போகாது? அந்தப் பச்சையெல்லாம் காயாக மாறுவதில்லை, கொடி ஓடிப் போகும், அசுவினி வந்து உட்காரும் என்பது பிறகு தெரியும். மானியத்தை எடுக்கச் சொல்லலை. பயறுக்கு யூரியா கேட்டு வருபவரிடம் "வேரைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க உரக்கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுங்க என்கிறேன். சோதிக்காமல் மருந்து எழுதினால் என்னைத் திட்டுவீங்கதானே?

பயிர் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்று எழுதியா வச்சிருக்கு? தண்ணி தேங்கினாலும் வெளிறும், இரும்புச்சத்து குறைந்தாலும் வெளிறும், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் வைரஸிலும் மஞ்சளாகும். பரிசோதனை செலவில்லாதது. முப்பது நாள் பயிரில் நாலஞ்சு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, அலசி, முடிச்சைக் கீறுங்க. சிவப்பு என்றால் வேலை நடக்குது. வெள்ளை என்றால் இளசு, அல்லது பயனில்லாதது. பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது. முடிச்சே இல்லை என்றால் வேளாண் அலுவலரிடம் போங்க, அது என் துறை இல்லை.

மகன் அன்று மத்தியானம் யூரியா போடவில்லை. சாயங்காலம் ஒரு கேரி பேக்கில் நாலு செடியோடு வார்டுக்கு வந்தார். சிஸ்டர் முறைச்சாங்க. வெளியே வராண்டாவில் வச்சு பிளேடால் கீறினோம். நாலிலும் நல்ல சிவப்பு. இலையில்தான் மஞ்சள் திட்டுத் திட்டா இருந்தது. அலுவலர் பார்த்துவிட்டு மஞ்சள் தேமல் என்றாராம். யூரியா அதுக்கு ஒண்ணும் பண்ணியிருக்காது.

அம்மாவுக்கு மாத்திரையைப் படிப்படியா குறைச்சுட்டு வர்றோம். காலை கார்ட்டிசால் இன்னும் குறைவுதான், இன்னும் சில மாதம் ஆகலாம்.

ரைசோபியம் பாக்கெட் பற்றிக் கட்டாயம் கேட்பீங்க, இங்கேயே சொல்லிடுறேன். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்கணும். பூஞ்சாணக் கொல்லி தடவினால் அதை முதல் நாளே முடிச்சுடுங்க, ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க. உளுந்துக்கு உளுந்துக்கானது, கடலைக்குக் கடலைக்கானது என்று கேட்டு வாங்குங்க. காலாவதி தேதி பாருங்க. கடை வாசலில் வெயில்ல கிடந்த பாக்கெட் வேண்டாம், உள்ளே இருக்கிறது உயிருள்ள பாக்டீரியா, சூட்டில் செத்துடும்.