அளவு நாடாவை எங்கே வைப்பது?

சங்க அன்பர்கள் பலர் இன்று சர்ஜாபூர் சாலை, பெல்லந்தூர், வர்த்தூர்ப் பக்கம் வீடு பார்க்கிறார்கள். பத்திரம், காத்தா, வங்கிக் கடன் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். அந்த மனைக்கு மழைக்காலத்தில் எவ்வளவு தூரம் ஏரித் தண்ணீர் வரும் என்று மட்டும் கேட்பதில்லை.

அகரா ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் நடுவே இருந்த நிலத்தில் பெரிய கட்டடங்கள் எழுப்ப அனுமதி தரப்பட்டு, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது பலருக்கு நினைவிருக்கலாம். ஏரி ஓரத்தில் 75 மீட்டர் காலியாக விடவேண்டும் என்று 2016 மே மாதம் தீர்ப்பாயம் சொன்னது. அன்றைய நகரத் திட்டத்தில் இருந்தது 30 மீட்டர். அத்திட்டத்தை மாற்றத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. 75-ஆ, 30-ஆ என்பது இருக்கட்டும். அளவு நாடாவின் முனையை எங்கே வைப்பது? ஏரியின் எல்லை எது? என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் நிலம் மெல்லச் சரிந்து தண்ணீரோடு கலந்துவிடும். ஐப்பசியில் அங்கே முழங்கால் அளவு நீர். சித்திரையில் மாடு மேயும். கோடையில் வரும் சர்வேயருக்கு அது வெறும் தரிசு. ஆனால் கடப்பாறையால் ஒரு முழம் தோண்டினால் மண்ணே சாட்சி சொல்லும். வெகுநாள் நீரில் ஊறிய மண் சாம்பல் நிறமாகி, இடையிடையே துருப்பிடித்தாற்போல் புள்ளிகளோடு இருக்கும். மேலே கோரையும் சம்பும் வளர்ந்திருக்கும். மண், செடி, நீர் மூன்றையும் களத்தில் பார்த்தே ஈரநில எல்லையைக் குறிக்கவேண்டும் என்று அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1987-லேயே கையேடு போட்டது.

இங்கே என்ன நடந்தது? மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. பெங்களூர் ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்குக் கட்டியவைதாம். பாசனம் நின்று எத்தனையோ காலமாயிற்று. பழைய காரணத்தைச் சொல்லிப் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. என்ன நியாயமோ!

விண்வெளிப் படங்கள் இருக்கின்றனவே என்பார்கள். நாட்டின் ஈரநில வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றைத்தான் எல்லை வரைந்து காட்டுகிறது. அதைவிடச் சிறிய குட்டை ஒரு புள்ளி, அவ்வளவே. புள்ளியிலிருந்து எப்படி அளப்பது?

ஆகவே, கட்டட அனுமதிக்கு முன், மழைக்காலத்தில் ஆட்கள் நடந்து, தோண்டிப் பார்த்து, சர்வே எண் வாரியாக வரைபடம் தயாரிக்க வேண்டும். செலவைக் கட்டுபவர் ஏற்கட்டும். வரைபவரை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. நமக்கு வீடு வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். 2022 செப்டம்பரில் கிழக்குப் பெங்களூரில் பங்களாவாசிகளைக் கூட டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்களே, அவர்களும் வீடு வேண்டித்தான் வாங்கினார்கள்.

இது கன்னடர் பாடு என்றும் ஒதுங்க முடியாது. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போகிறது. அந்த அணையில் நுரை பொங்கிய படங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நில அளவைத் துறையின் பழைய கிராம வரைபடத்தில் கெரே, கட்டே, குண்டே, ராஜகாலுவே எல்லாம் குறித்திருக்கும். முன்பணம் கொடுக்குமுன் அதன் நகலை வாங்கிக்கொண்டு, ஐப்பசி மழையில் ஒருமுறை மனைக்குப் போய் வாருங்கள்.